ரெண்டு முள்ளும் சேந்து பொய் சொன்னா

போன பலாப்பழ சீசன்ல ஒரு நாள், பண்ருட்டில லோடு ஏத்திக்கிட்டு நானும் அப்பாவும் கடலூர் வந்துட்டு இருந்தோம், நல்லா இருட்டிடுச்சு, மேல்பட்டாம்பாக்கம் தாண்டி நெல்லிக்குப்பம் வர்றதுக்குள்ள ஜீப்பு ரெண்டு குலுங்கு குலுங்கி அப்படியே நின்னுடுச்சு. டார்ச் அடிச்சு மீட்டர பாத்தா டீசல் முள்ளு கால் டேங்க்குல நிக்குது. அப்பா டேங்க் மூடிய தொறந்து, ரோட்டோரத்துல கிடந்த ஒரு குச்சிய எடுத்து உள்ள விட்டு பாத்தாரு. குச்சி நுனி கூட நனையல.

டீசல் வண்டி ஓட்டுறவங்களுக்கு தெரியும், காலியாகி நின்னா வெறும் டீசல் ஊத்துனா மட்டும் கிளம்பாது. லைன் முழுக்க காத்து பூந்திருக்கும். ஃபில்டர் மேல இருக்குற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கைப் பம்ப அடிச்சு அடிச்சு, நுரை நுரையா வர்றது நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் ஏர் எடுக்கணும். பின்னாடி பலாப்பழ வாசன, ரோட்டுல லாரிங்க சர்ரு சர்ருன்னு போகுது, அறுபத்தஞ்சு வயசு மனுஷன் பானெட்ட தொறந்து வச்சுக்கிட்டு டீசல் கையோட பம்ப் அடிக்கிறாரு. எனக்கு மனசே சரியில்ல. அந்த முள்ளு மட்டும் காலின்னு காட்டியிருந்தா பண்ருட்டிலயே ஊத்தியிருப்போம். அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணேன், இந்த மீட்டர சரி பண்ணாம விடறதில்லன்னு. அதத்தான் இங்க எழுதுறேன், பழைய வண்டி வச்சிருக்குற யாருக்காவது உதவும்.

முதல்ல வண்டிய பத்தி. ரவுண்டு மீட்டர் தனித்தனியா இருக்குற பழைய டீசல் ஜீப்பு. நடுவுல ஸ்பீடோ, பக்கத்துல டீசல் மீட்டர், ஹீட் மீட்டர், ஆயில் பிரஷருக்கு ஒரு சிவப்பு லைட்டு, சார்ஜுக்கு ஒரு லைட்டு, அவ்ளோதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சுல்ல, அதுக்கு அப்புறம் சாத்தனூர் அணையில இருந்து தண்ணி தொறந்து விட்டு பெண்ணையாத்துல வெள்ளம் வந்துச்சு, அப்போ எங்க தெருவுல நின்ன தண்ணில ஜீப்பு ஒரு நாள் முழுக்க நின்னுச்சு. இஞ்சினுக்குள்ள போகல, ஆனா கால் வைக்குற இடம் வரைக்கும் தண்ணி. வடிஞ்ச பிறகு ஆயில் எல்லாம் மாத்தி, பிரேக் பாத்து, காய வச்சு ஓட்ட ஆரம்பிச்சோம், நல்லாதான் ஓடுச்சு. மீட்டருங்க குழம்ப ஆரம்பிச்சது அதுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு. அதனால வெள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்கும் தோணல.

குழப்பம் என்னன்னா, டீசல் முள்ளு எவ்ளோ ஊத்துனாலும் கால் டேங்க்குக்கு கொஞ்சம் கீழயே இருக்கும், ஏறாது இறங்காது. ஹீட் முள்ளு எப்பவும் நிக்குற எடத்துக்கு மேல நிக்கும். ராத்திரி லைட்டு போட்டா ஒரு அரை நிமிஷத்துல ரெண்டு முள்ளும் மெதுவா இன்னும் மேல ஏறும், டீசல் கால் டேங்க்கு காட்டும், ஹீட்டு சிவப்புக்கு கிட்ட போயிடும். லைட்ட அணைச்சா திரும்ப இறங்கும். மீட்டருக்குள்ள எரியுற பல்பு கூட மங்கலாதான் எரிஞ்சுது. இப்ப யோசிச்சா நோய் என்னன்னு வண்டியே சொல்லியிருக்கு. அப்போ புரியல.

ஒரு கடையில காட்டுனேன், மீட்டர் போர்டு முழுசா போயிடுச்சு மாத்திடுங்கன்னாங்க. கழட்டி கூட பாக்கல. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. ரெண்டு மீட்டரு ஒரே நேரத்துல, ஒரே பக்கமா, ஒரே மாதிரி கெட்டுப் போகுமா? வீட்டுல ஃபேனும் டிவியும் ஒரே நேரத்துல நின்னா ஃபேன கழட்டுவோமா, ஃப்யூஸ போய் பாப்போமா? அப்பாவோட பழைய சிநேகிதரு ஒருத்தரு பாண்டியில ரொம்ப வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக் வேல பாத்தவரு, இப்ப கடை இல்ல, வீட்டுல இருக்காரு. போன்ல விஷயத்த சொன்னேன். "தம்பி, லைட்டு போட்டா முள்ளு ஏறுதா? அப்ப மீட்டர தொடாத, எர்த்த பாரு. ஞாயித்துக்கிழம வரேன்"னாரு. வண்டில எர்த்துன்னா, கரண்டு பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பிப் போற வழி.

அவரு வர்றதுக்கு முன்னாடி நானா ரெண்டு விஷயம் பாத்து வச்சேன். ஒண்ணு, ஹீட்டு நிஜமாவே ஏறுதான்னு. இத விட்டுட்டு மீட்டர் பொய்னு முடிவு கட்டக்கூடாது, நிஜமாவே கொதிச்சுட்டு இருந்தா இஞ்சின் ஹெட்டு போயிடும். ஏசி வேல பாக்குற ஃப்ரெண்டுகிட்ட வெப்பம் பாக்குற துப்பாக்கி இருந்துச்சு, வண்டிய நல்லா ஓட்டிட்டு வந்து தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல அடிச்சா 85 டிகிரி பக்கம். முள்ளு சிவப்புக்கு கிட்ட. அப்ப இஞ்சின் நல்லா இருக்கு, முள்ளுதான் தப்பு. ரெண்டாவது, ஹீட் சென்சார். இஞ்சின் ஆறுன பிறகு அத கழட்டி, ஒரு சொம்புல தண்ணி வச்சு சூடு பண்ணி மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாத்தேன், அதாவது கரண்டுக்கு எவ்ளோ தடை இருக்குன்னு. தண்ணி சூடாக ஆக ஓம்ஸ் இறங்கிக்கிட்டே வரணும், எங்கயும் குதிக்கக்கூடாது, நடுவுல அப்படியே நின்னுடவும் கூடாது. அழகா இறங்குச்சு. கடலோர ஊருல இருக்குறதுல இதுக்கு ஒரு வசதி, தண்ணி தளதளன்னு கொதிச்சா அது 100 டிகிரின்னு கண்ண மூடிக்கிட்டு வச்சுக்கலாம், தெர்மாமீட்டர் கூட வேணாம்.

ஞாயித்துக்கிழம அவரு பஸ்ல வந்தாரு, கையில ஒரு துணிப்பை, அதுல கரண்டு வருதான்னு பாக்குற ஒரு டெஸ்ட் லேம்பு, ஒரு கட்டிங் பிளேயரு, கொஞ்சம் ஒயரு. அவ்ளோதான் கொண்டு வந்தது. டீய குடிச்சுட்டு மீட்டர் போர்டு ஸ்க்ரூவ கழட்டி முன்னாடி இழுத்து சாய்ச்சாரு. பின்னாடி ஒரு சின்ன தகர டப்பா மாதிரி ஒண்ணு இருந்துச்சு. "இது என்ன தெரியுமா? ஸ்டெபிலைசர்"னாரு. வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு வைக்குற மாதிரி மீட்டருக்கு ஒரு ஸ்டெபிலைசரு இருக்குன்னு எனக்கு அன்னிக்குதான் தெரியும்.

இத கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. பழைய வண்டி நெறையத்துல டீசல் மீட்டரும் ஹீட் மீட்டரும் சூட்டுல வேல செய்யுற மீட்டருங்க. உள்ள ரெண்டு உலோகத்த ஒட்டுன ஒரு பட்டை, அத சுத்தி ஒரு காயில். கரண்டு போனா காயில் சூடாகும், பட்டை வளையும், வளைஞ்சா முள்ளு நகரும். அதனாலதான் சாவி போட்டதும் முள்ளு டக்குனு எழுந்திரிக்காது, மெதுவா ஏறும். அந்த கரண்டு எவ்ளோங்குறத டேங்க்குல டீசல் அளவ பாக்குற யூனிட்டும் இஞ்சின்ல இருக்குற சென்சாரும் தங்களோட ஓம்ஸ வச்சு முடிவு பண்ணுது. ஆனா பேட்டரி வோல்டேஜு ஒரே மாதிரி இருக்காதே, நிக்குறப்போ 12.4, 12.6, ஓடும்போது 14க்கு மேல கூட போகும். வோல்டேஜு ஏறுனா டீசல் ஏறாமலே முள்ளு ஏறிடும். அதுக்குதான் அந்த தகர டப்பா. அதுக்குள்ளயும் ஒரு வளையுற பட்டைதான், சூடாகி வளைஞ்சா கரண்ட கட் பண்ணும், ஆறுனா திரும்ப விடும், இப்படி விட்டு விட்டு குடுத்து சராசரியா 10 வோல்ட் பக்கம் நிக்க வைக்கும். அந்த பட்டை சூடாகணும்னா அதோட காயிலுக்கு எர்த் வேணும், எர்த்து அந்த டப்பாவோட பாடி வழியா வரணும். பாடி எர்த் இல்லன்னா பட்டை சூடாகாது, கட் பண்ணாது, முழு பேட்டரி வோல்டேஜும் ரெண்டு மீட்டருக்கும் போயிடும். ரெண்டு முள்ளும் சேந்து ஏறிடும்.

அவரு டெஸ்ட் லேம்பு கிளிப்ப பேட்டரி நெகட்டிவ்ல மாட்டி, ஊசிய ஸ்டெபிலைசர் அவுட்புட்ல வச்சு, என்ன லைட்டு போட சொன்னாரு. லேம்பு நின்னு எரிஞ்சுது. ஒரு நிமிஷம் பாத்தோம், அணையவே இல்ல. அப்புறம் ஒரு ஒயரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனைய அந்த தகர டப்பா மேலயும் வச்சாரு. கொஞ்ச நேரத்துல லேம்பு மினுக் மினுக்னு அணைஞ்சு அணைஞ்சு எரிய ஆரம்பிச்சுது, மீட்டர் பல்பு எல்லாம் பளிச்சுனு ஆயிடுச்சு. அப்பா அது வரைக்கும் திண்ணையில உக்காந்து பாத்துட்டு இருந்தவரு எந்திரிச்சு வந்துட்டாரு.

எனக்கு நம்பரும் பாக்கணும்னு ஆசை. மல்டிமீட்டர்ல கருப்ப பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்ப மீட்டர் போர்டு பாடில வச்சு பாத்தேன். லைட்டு அணைச்சு வச்சா 0.8 வோல்ட். லைட்டு போட்டா 3.6. நல்ல எர்த்துன்னா இந்த இடத்துல 0.1, மிஞ்சிப் போனா 0.2 தாண்டக்கூடாது. மீட்டர் பல்புங்களும் அதே எர்த்துலதான் போகுது, அதனாலதான் லைட்டு போட்டா நெலம இன்னும் மோசமாச்சு. இந்த ஒரு டெஸ்ட்ட எல்லாரும் கத்துக்கணும்னு நான் சொல்லுவேன். ஓம்ஸ்ல வச்சு எர்த்து பாத்தா ஏமாந்துடுவோம், ஒயருல ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தா கூட பீப்புன்னு கத்தும், ஆனா கரண்டு போகும்போதுதான் அதோட வண்டவாளம் தெரியும். லைட்டு மாதிரி ஏதாவது கரண்டு இழுக்குறத போட்டு வச்சு வோல்டேஜ் பாக்கணும்.

எர்த் ஒயர புடிச்சுக்கிட்டே போனோம். கால் வைக்குற இடத்துக்கு பக்கத்துல பாடில ஒரு போல்ட்டுல முடியுது, வெள்ளம் வந்த மட்டத்துக்கு சரியா அங்க. போல்ட்ட கழட்டுனா ரிங்குக்கு அடியில துரு, ரிங்குல பச்சைக் களிம்பு. சரி இத தேச்சா முடிஞ்சுதுன்னு நான் உப்புத்தாள எடுத்தேன், அவரு "இரு"ன்னுட்டு ஒயர நாலு விரக்கடை தள்ளி வெட்டுனாரு. உள்ள செம்பு கருப்பா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுனாரு, அங்கயும் கருப்பு. திரி எண்ணெய இழுக்குற மாதிரி ஒயரு இழைங்க தண்ணிய மேல இழுத்துக்குமாம், ரப்பர் உறை இருக்குறதால அது காயவே காயாது, உள்ளுக்குள்ளயே மாசக்கணக்குல அரிச்சுக்கிட்டு இருக்கும். அதனாலதான் வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு கோளாறு வெளிய தெரிஞ்சுருக்கு. பளபளன்னு செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு புது ஒயரு சேத்து சால்டர் வச்சு, போல்ட்டு உக்கார்ற எடத்துல பெயிண்ட்ட சுரண்டி இரும்பு தெரிய வச்சு, பல்லு வாஷர் போட்டு முறுக்கி, மேல வாசலைன் பூசி விட்டோம். அதோட மீட்டர் போர்டுல இருந்து நேரா பேட்டரி நெகட்டிவுக்கும் தனியா ஒரு ஒயரு இழுத்தோம். கடலூர் பாண்டி மாதிரி ஊருல உப்புக்காத்துக்கு எர்த் போல்ட்டு ரொம்ப நாள் சுத்தமா இருக்காது, அந்த ஒயரு இருந்தா நிம்மதி.

திரும்ப பாத்தா 0.05 வோல்ட். ஹீட் முள்ளு தன்னோட பழைய எடத்துல நிக்குது. லைட்டு போட்டாலும் அசையல.

டீசல் முள்ளு மட்டும் கீழ விழுந்து காலின்னு காட்டுது. டேங்க்குல நான் காலையிலதான் 15 லிட்டர் ஊத்தியிருந்தேன்.

அப்பா என்ன பாத்தாரு, நான் அவர பாத்தேன். ரிப்பேருக்கு முன்னாடி கொஞ்சமாவது காட்டுச்சு, இப்ப அதுவும் போச்சேன்னு மனசு ஒடிஞ்சுது. அந்த பெரியவரு மட்டும் அசரல. "இப்பதான் அது உண்மைய சொல்லுது. அதுக்கு கீழ இருந்து வர்ற தகவலே காலின்னுதான் வருது, டேங்க்குல போய் பாரு"ன்னாரு.

டேங்க் யூனிட்டுக்கு போற ஒயர புடுங்குனோம், முள்ளு காலியிலயே நின்னுச்சு. அந்த ஒயர ஒரு சின்ன பல்பு வழியா எர்த்துல தொட்டோம், முள்ளு மெதுவா ஃபுல் பக்கம் நடந்து போச்சு. அப்படின்னா மீட்டர் நல்லா இருக்கு, ஒயரு நல்லா இருக்கு, யூனிட்டுதான் கோளாறு. இந்த மாதிரி சூட்டு மீட்டர்ல ஒயர நேரா எர்த்துல ரொம்ப நேரம் வச்சா உள்ள காயில் கருகிடும், அதனாலதான் நடுவுல பல்பு. சில வண்டில இது தலைகீழா இருக்கும், ஒயர புடுங்குனா ஃபுல் காட்டும், எர்த் பண்ணா காலி காட்டும். எந்தப் பக்கம் போகுதுங்குறது முக்கியமில்ல, ரெண்டு கோடிக்கும் முள்ளு போகுதாங்குறதுதான் முக்கியம்.

பேட்டரி நெகட்டிவ கழட்டி வச்சுட்டு யூனிட்ட வெளிய எடுத்தோம். ஒரு நீளக் கம்பி, அதோட நுனியில பித்தள மிதவை, இந்தப் பக்கம் சுருள் ஒயரு மேல ஒரு நாக்கு உரசிக்கிட்டு நகரும். கம்பிய கையால தூக்கி இறக்கி ஓம்ஸ் பாத்தேன், அழகா மாறுது. அப்புறம் என்ன கோளாறு? அவரு மிதவைய காதுகிட்ட வச்சு ஆட்டி காட்டுனாரு, உள்ள களக் களக்குன்னு சத்தம். மிதவைக்குள்ள டீசல் பூந்திருக்கு. மிதக்க வேண்டியது முழுகி அடியில கிடந்துருக்கு.

அப்பதான் எனக்கு முழுசா விளங்குச்சு. மிதவை முழுகுனதால யூனிட்டு எப்பவும் காலின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துருக்கு. எர்த் கெட்டதால ஸ்டெபிலைசரு வோல்டேஜ அதிகமா விட்டு, அந்த காலிய கால் டேங்க்கு வரைக்கும் தூக்கி காட்டியிருக்கு. ஒரு தப்பு கீழ இழுக்குது, இன்னொரு தப்பு மேல தள்ளுது, ரெண்டும் சேந்து நம்புற மாதிரி ஒரு எடத்துல முள்ள நிறுத்தி வச்சிருக்கு. முள்ளு சுத்தமா செத்துப் போயிருந்தா நாங்க அத நம்பியே இருக்க மாட்டோம், குச்சி விட்டு பாத்திருப்போம். அது நடு ரோட்டுல விட்டதுக்கு காரணமே பாதி உயிரோட இருந்ததுதான். புது மீட்டர் போர்டு வாங்கி மாட்டியிருந்தாலும் அந்த அழுகுன எர்த்துலயே மாட்டி, அந்த முழுகுன மிதவையோடவே சேத்து, அதே கால் டேங்க்கதான் பாத்துட்டு இருந்திருப்போம், காசும் போயிருக்கும்.

மிதவைய சூடு தண்ணில முக்குனா எங்க ஓட்டையோ அங்க இருந்து குமிழி வரும், அந்த எடத்த ஆணியால லேசா கீறி வச்சுக்கலாம். உள்ள இருக்குற டீசல முழுசா வெளிய எடுக்குறதுதான் கஷ்டம், எதிர்ப்பக்கம் இன்னொரு சின்ன ஓட்ட போட்டு வடிய விட்டு, சோப்புத் தண்ணில அலசி, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு அப்புறம்தான் ரெண்டு ஓட்டையையும் சால்டர் வச்சு அடச்சேன். இதுல ஒண்ண கண்டிப்பா சொல்லணும், பெட்ரோல் வண்டி மிதவைல இந்த வேலைய பண்ணாதீங்க. உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தாலும் சூடான சால்டரிங் அயர்ன் பட்டா வெடிக்கும். பெட்ரோல் வண்டின்னா மிதவையோ யூனிட்டோ புதுசா வாங்கிடுங்க, யோசிக்கவே வேணாம். டீசல்லயும் டேங்க் கிட்ட வச்சு அயர்ன் எடுக்காதீங்க, தள்ளி போய் வேல பாருங்க.

ஸ்டெபிலைசர் தகர டப்பா எங்களுது நல்லா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டோம். அது போயிடுச்சுன்னா 7810னு மூணு கால் ஐசி ஒண்ணு இருக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும், 10 வோல்ட் குடுக்கும், அத போட்டும் ஓட்டலாம். அதுக்கும் எர்த் ஒழுங்கா வேணும், அதுல மாத்தம் இல்ல.

மீட்டர் போர்டு வெளிய இருந்தப்பவே மத்த லைட்டையும் பாத்துட்டோம். சார்ஜ் லைட்டுக்கு பல்பு ஃப்யூஸ் ஆனா பல பேரு போகட்டும்னு விட்டுடுவாங்க, விடாதீங்க. நெறைய வண்டில ஆல்டர்னேட்டர் வேல ஆரம்பிக்க தேவையான சின்ன கரண்டு அந்த பல்பு வழியாதான் போகுது, பல்பு இல்லன்னா சார்ஜே ஏறாம போகலாம். ஆயில் பிரஷர் லைட்டு விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு. சாவி போட்டா அது எரியணும், ஸ்டார்ட் ஆனா அணையணும். ஓடும்போது எரிஞ்சா சென்சாரா இருக்கும்னு வீடு வரைக்கும் ஓட்டாதீங்க, அந்த இடத்துலயே அணைச்சுட்டு ஆயில் அளவ பாருங்க, அளவு சரியா இருந்தா கூட வண்டிய கட்டி இழுத்துட்டுப் போயி பிரஷர் மீட்டர் மாட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. டீசல் முள்ளு பொய் சொன்னா ரோட்டுல நிப்போம், அவ்ளோதான். ஆயில் விஷயத்துல ஏமாந்தா இஞ்சினே போச்சு.

மிதவைய மாட்டுன அன்னிக்கு டேங்க்க சுத்தமா காலி பண்ணிட்டு அப்பா ஒரு மூங்கில் குச்சி கொண்டு வந்தாரு. அஞ்சு லிட்டர் ஊத்துவோம், குச்சிய விட்டு நனைஞ்ச எடத்துல கத்தியால ஒரு கோடு, முள்ளு எங்க நிக்குதுன்னு நான் நோட்டுல குறிச்சுப்பேன், மறுபடி அஞ்சு லிட்டர். முள்ளும் கோடும் கூடவே ஏறி வந்துச்சு. ராத்திரி லைட்ட போட்டுக்கிட்டு தேவனாம்பட்டினம் பீச்சு வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம், அப்பா ரோட்ட பாத்தத விட முள்ளதான் அதிகமா பாத்துட்டு இருந்தாரு, அது ஒரு முடி அளவு கூட நகரல.

குச்சி இப்பவும் ஜீப்புல சீட்டுக்கு பின்னாடி இருக்கு, எடுத்துப் போட அவருக்கு மனசு வரல, எனக்கும் வரல. ஸ்பீடோ முள்ளு இன்னும் 40க்கு மேல போனா நடுங்குது, கேபிளு காஞ்சு போயிருக்கும், உள் கம்பிய உருவி துடைச்சு லேசா கிரீஸ் போடணும், மேல மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கிரீஸே படக்கூடாது, ஏறி மீட்டருக்குள்ள போயிடும். அது வர்ற ஞாயித்துக்கிழம வேல.